உக்காந்து போட்டோ எடுத்தா மட்டும் ஏன் அரிசி மூட்டை மாதிரி இருக்கோம்?

எங்க ஐயாவுக்கு (அப்பாவோட அப்பா) 80 நெறஞ்சு சதாபிஷேகம், காரைக்குடிப் பக்கம் எங்க ஊரு வீட்லயே வச்சோம். சிங்கப்பூர், மெட்ராஸ், பெங்களூருன்னு எங்கெங்கயோ இருந்து சொந்தம் எல்லாம் வந்து எறங்கி ரெண்டு நாள் வீடே கல்யாண வீடு மாதிரி கெடந்துச்சு, போட்டோவும் எடுத்துத் தள்ளியாச்சு. ஆல்பம் வந்து பாத்தா நின்ன போட்டோல எல்லாம் நான் பரவால்ல, ஆனா உக்காந்த போட்டோ ஒன்னு விடாம எல்லாத்துலயும் அரிசி மூட்டைக்கு பட்டுச்சேலை கட்டி சுவத்துல சாச்சு வச்ச மாதிரி இருக்கேன். கழுத்தக் காணோம். தொடை மட்டும் தனியா ஒரு ஆளு மாதிரி முன்னாடி வந்து நிக்குது.

டயட்டுல எறங்கப் போறேன்னு நான் பொலம்பிக்கிட்டு இருக்கப்போ எங்க அப்பத்தா சொன்னது இது தான், "ஏத்தா, ஒனக்கு ஒடம்பு பெருத்துப் போகல, ஒக்காரத் தெரியல." சொல்லிட்டு முகப்புல, அதான் வீட்டு முன்கட்டுல மாட்டியிருக்க எங்க பாட்டையா (ஐயாவோட அப்பா) போட்டோவக் காட்டுச்சு. பர்மாவுல இருந்து வந்தப்போ எடுத்ததாம். பாட்டையாவுக்கு நல்ல தொந்தின்னு அப்பத்தாவே சொல்லும், ஆனா போட்டோல தொந்தி எங்கன்னு தேடணும், ராஜா மாதிரி இருக்காரு.

அன்னைக்கு அந்தப் போட்டோவ ஸ்டூல் போட்டு ஏறி கிட்டப் போய் பாத்தேன். முதுகு நாற்காலில படவே இல்ல. சீட்டுல முன்பாதில தான் உக்காந்திருக்காரு, ஒடம்பு கேமராவுக்கு நேரா இல்லாம கொஞ்சம் திரும்பி இருக்கு, ஒரு கால் முன்ன ஒரு கால் பின்ன, ரெண்டு கையும் கைத்தடி மேல, அதனால முழங்கை ஒடம்ப விட்டுத் தள்ளி நிக்குது. அவ்வளவு தான் விஷயமே. அதுக்கப்பறம் ரெண்டு வருஷமா எங்க வீட்டு விசேஷம், சித்தப்பா பெரியப்பா வீட்டு விசேஷம்னு எல்லாத்துலயும் இத வச்சு எல்லாரையும் உக்கார வச்சு எடுத்துப் பாத்து கத்துக்கிட்டத தான் எழுதுறேன்.

(சும்மா ஒரு தகவல். 1839ல பாரிஸ்ல போட்டோ வித்தைய அறிவிச்ச புதுசுல ஒரு போட்டோ பதியவே நிமிஷக் கணக்குல ஆகும், அதுவரைக்கும் ஆடக்கூடாது, அதனால ஆள உக்கார வச்சு தலைக்குப் பின்னாடி இரும்புல ஒரு முட்டு வேற குடுப்பாங்க. பாட்டையா காலத்துல அவ்வளவு நேரம் ஆகாது தான், ஆனா அசையாம வெறைப்பா உக்கார்ற பழக்கம் ஸ்டூடியோல அப்படியே ஒட்டிக்கிச்சு போல. பழைய போட்டோல யாரும் சிரிக்காம இருக்கறதுக்கும் அது ஒரு காரணம்னு சொல்லுவாங்க.)

மொதல்ல காரணம் தெரிஞ்சுக்கங்க

கேமராவுக்குக் கிட்ட இருக்கறது பெருசாத் தெரியும், தூரத்துல இருக்கறது சின்னதாத் தெரியும். நிக்கறப்போ தலை, வயிறு, கால் எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரத்துல இருக்கு, பிரச்சனை இல்ல. நேரா உக்காந்தா முட்டி மூஞ்சிய விட ஒன்றரை அடி முன்னால வந்துருது. இப்ப கணக்குப் போடுங்க, ஒருத்தர் 4 அடில நின்னு எடுக்குறாருன்னா ஒங்க மூஞ்சி 4 அடில இருக்கு, முட்டி 2.5 அடில இருக்கு, அப்ப முட்டி மூஞ்சிய விட 1.6 மடங்கு பெருசாப் பதியும். அதே ஆளு 10 அடி தள்ளிப் போய் ஜூம் பண்ணி எடுத்தா முட்டி 8.5 அடி, வித்தியாசம் 1.2 மடங்கு கூட வராது. அதே ஆளு, அதே சேலை, அதே நாற்காலி. நான் டயட்டுக்கு வாங்கி வச்ச ஓட்ஸ் எல்லாம் இந்தக் கணக்கு புரிஞ்சதுக்கப்பறம் எறும்புக்குத் தான் போச்சு.

அதனால எடுக்கறவர பின்னால போகச் சொல்லுங்க, இது தான் மொத வேலை. போன்ல 1எக்ஸ்னு இருக்கே அது நல்ல அகலமான லென்ஸ், கிட்ட வந்து எடுக்கத் தூண்டும். 2எக்ஸ் வச்சிட்டு தள்ளி நின்னு எடுங்க. 0.5 பக்கம் தயவு செஞ்சு போகாதீங்க, வளவு (வீட்டு நடு முத்தம்) முழுசா வரணும்னு எங்க தம்பி அதுல எடுத்து ஓரத்துல உக்காந்திருந்த எங்க அயித்தை மூஞ்சி பூசணிக்கா மாதிரி இழுத்துக்கிச்சு, அயித்தை இன்னும் அவன்கிட்ட சரியாப் பேசல.

ரெண்டாவது, எடுக்கறவர் உக்காரணும். நீங்க உக்காந்திருக்கீங்க, அவர் நின்னுக்கிட்டு தன் கண்ணு உயரத்துல போன வச்சு கீழ பாத்து எடுத்தா தலை பெருசு, ஒடம்பு குட்டை, கால் காணாமப் போயிரும். முழு உருவம் வேணும்னா போன் ஒங்க நெஞ்சு உயரத்துல இருக்கணும், மூஞ்சி மட்டும்னா கண்ணு உயரம், இல்ல ஒரு விரக்கடை மேல. அவர் வேட்டியக் கட்டிக்கிட்டு தரைல ஒரு முட்டி போட வெக்கப்பட்டார்னா வேற ஆளப் புடிங்க.

எங்க உக்கார்றது, எதுல உக்கார்றது

ஈஸி சேர் வேண்டவே வேண்டாம். பட்டாலைல (வீட்டுக் கூடம்) கெடக்கே துணி போட்ட சாய்வு நாற்காலி, படுத்துத் தூங்க அத விட்டா கெடையாது, போட்டோவுக்கு அத விட மோசமும் கெடையாது, உக்காந்த ஒடனே குழில விழுந்த மாதிரி இடுப்பு கீழ போய் முட்டி மேல வந்துரும், நாடி நெஞ்சுல போய் ஒட்டிக்கும். கல்யாண மண்டபத்து மேடைல போடுவாங்களே தங்கக் கலர்ல ராஜா சோபா, அதுவும் இதே கதை தான், மெத்தை உள்ள வாங்கிரும். வேற வழி இல்லாம அதுல தான் உக்காரணும்னா முதுகுக்குப் பின்னாடி ரெண்டு தலகாணி, சீட்டுக்கு அடியில நாலா மடிச்ச ஜமுக்காளம், வெளிய தெரியாம துணியப் போட்டு மூடிருங்க. நான் எங்க ஒன்னுவிட்ட தங்கச்சி நிச்சயத்துல இதச் செஞ்சேன், மாப்ள வீட்ல ஒரு பெரியாச்சி "என்னத்தா மூட்ட கட்டுறிய"ன்னு கேட்டாக, அப்பறம் போட்டோ பாத்துட்டு அவங்க பேத்திக்கும் ரெண்டு தலகாணி கேட்டு ஆள் அனுப்புனாக.

கெட்டியான, மட்டமான சீட்டு வேணும். தேக்கு பெஞ்சு, திண்ணை, மர நாற்காலி, முக்காலி கூட போதும். பிளாஸ்டிக் சேர்னா கை வச்சது வேண்டாம், கை வைக்காதத எடுங்க, கை வச்ச சேர்ல முழங்கை மேல ஏறி தோளு காதுக்குப் போயிருது. உயரமும் பாக்கணும், பாதம் முழுசா தரைல பட்டு முட்டி இடுப்புக்கு சமமா, இல்ல கொஞ்சம் கீழ இருந்தா நல்லது. முட்டி இடுப்ப விட மேல போனா வயிறு மடியும், அது எவ்வளவு ஒல்லியா இருந்தாலும் மடியும், தோல்னா மடியத்தான் செய்யும்.

சரி, இப்ப உக்காருங்க

சீட்டோட முன் மூணுல ஒரு பங்குல உக்காருங்க. முதுகு சாய்மானத்துல படக்கூடாது. முழுசா பின்னாடி தள்ளி உக்காந்தா தொடை முழுக்க சீட்டுல அமுங்கி ரெண்டு பக்கமும் பரவுது, முன்னாடி வந்துட்டா பாதித் தொடை சீட்டுக்கு வெளிய, அமுங்கவே எடமில்ல.

அப்பறம் முட்டி ரெண்டையும் சேத்து கேமராவுக்கு நேரா இல்லாம ஒரு பக்கமாத் திருப்புங்க, மணிக்கணக்குல சொன்னா கேமரா 12ல இருக்குன்னா முட்டி 10 இல்லன்னா 2. இடுப்பு அங்க இருக்க, நெஞ்சையும் மூஞ்சியையும் மட்டும் கேமரா பக்கம் கொஞ்சம் திருப்பிக் கொண்டு வாங்க. இதுல ரெண்டு லாபம், முட்டி முன்ன வர்றது கொறையுது, இடுப்புல ஒரு சின்ன வளைவு தன்னால விழுது. எந்தப் பக்கம் திரும்பறதுன்னா ஒங்களுக்கு எந்தப் பக்க மூஞ்சி புடிக்குமோ அது, வகிடு எடுக்காத பக்கமான்னு எல்லாம் ஆராய்ச்சி வேண்டாம், ரெண்டு பக்கமும் ஒவ்வொன்னு எடுத்துப் பாத்தா 10 செகண்டுல தெரிஞ்சுரும்.

ஒடம்பு வெயிட்ட ஒரு பக்க இடுப்புல போடுங்க, கேமராவுக்கு தூரமா இருக்கே அந்தப் பக்கம். கணுக்கால் ரெண்டையும் ஒன்னு மேல ஒன்னு லேசா போட்டு கொஞ்சம் பின்னால இழுத்துக்கங்க. கால் மேல கால் போடுறது ஜீன்ஸுக்கு நல்லா இருக்கும் தான், ஆனா எங்க வீடு மாதிரி வீட்ல பெரியவங்க எதிர்ல அப்படி உக்காந்தா போட்டோ வர்றதுக்குள்ள பேச்சு வந்துரும், அதோட மேல இருக்க கால் தொடைய அமுக்கி அகலமாத்தான் காட்டும், உள்ளங்கால் வேற கேமரா பக்கம் போகும். கணுக்கால் போதும்.

அடுத்து முதுகு. "வயித்த எக்கு, வயித்த எக்கு"ன்னு சொல்லுவாங்க, எக்காதீங்க, வயித்த எக்குன ஒடனே தோளு மேல ஏறுது, கழுத்து நரம்பு தெரியுது, சிரிப்பு வலிக்குது. அதுக்குப் பதிலா வளவுல கெணத்துல வாளிய கயித்துல மேல இழுப்போம்ல, அந்த மாதிரி உச்சந்தலைல யாரோ கயிறு கட்டி மேல இழுக்குறாங்கன்னு நெனச்சுக்கங்க. முதுகு நீளும், வயிறு தன்னால நிமிரும். தோளை ஒரு தடவ மேல தூக்கி பின்னால உருட்டி கீழ விடுங்க. மூச்ச இழுத்துப் புடிச்சிட்டு இருக்காம மெதுவா விடுறப்போ க்ளிக் பண்ணச் சொல்லுங்க.

நாடி தான் எல்லாரும் தப்பு பண்றது. இரட்டை நாடி தெரியக்கூடாதுன்னு மூஞ்சியத் தூக்குனா மூக்கு ஓட்டை தெரியுது, பின்னால இழுத்தா மூணு நாடி வருது. மழை விட்டுருச்சான்னு தாழ்வாரத்துல நின்னுக்கிட்டு ஒடம்பு நனையாம தலைய மட்டும் வெளிய நீட்டிப் பாப்போம்ல, அதே தான். நெத்திய கேமரா பக்கம் கொஞ்சம் கொண்டு வந்து நாடிய முன்ன நீட்டி ஒரு துளி கீழ எறக்குங்க. செய்றப்போ கோழி மாதிரி இருக்கோமோன்னு தோணும், பக்கத்துல இருந்து பாக்கறவங்களுக்கு நெசமாவே கோழி மாதிரி தான் இருக்கும், முன்னால இருந்து கேமராவுக்கு மட்டும் தாடைக் கோடு கத்தி மாதிரி விழும். கண்ணாடி போட்டவங்களுக்கும் நாடி எறக்குனா கண்ணாடில வெளிச்சம் பளிச்சுன்னு அடிக்கறது கொறையும்.

கைய என்ன பண்றது

இந்த ஒன்னுக்குத் தான் எல்லாரும் திண்டாடுறோம். மேல் கைய ஒடம்போட ஒட்டி வச்சா கை நசுங்கி ரெண்டு மடங்கா தெரியும், அதனால ஒடம்புக்கும் முழங்கைக்கும் நடுவுல வெளிச்சம் தெரியற அளவு சந்து விடுங்க. மடில கைய வைக்கறப்போ புறங்கைய நேரா காட்டாம சுண்டுவிரல் பக்கம் கேமராவப் பாக்கற மாதிரி சாச்சு வைங்க, விரல் மெலிசாத் தெரியும், மோதிரம் வளையலும் எடுப்பா இருக்கும். முட்டிய கெட்டியா அமுக்கிப் புடிக்காதீங்க, பஸ்ல உக்காந்த மாதிரி ஆயிரும்.

எதையாவது கைல குடுத்துட்டா கைக்கு வேலை கெடச்சிரும். எங்க பக்கம் இருக்கவே இருக்கு கொட்டான், பனையோலைல கலர் கலரா பின்னுனது, மடில ஒரு ஓரமா வச்சுக்கிட்டு ஒரு கை அது மேல வச்சா வேற போஸே வேண்டாம். அத விட நல்லது பல்லாங்குழி. ரெண்டு ஆச்சிகள எதிர் எதிரா உக்கார வச்சு பல்லாங்குழிய நடுவுல வச்சுட்டா அவங்க கேமராவயே மறந்துருவாங்க, முதுகு, கை, கண்ணு எல்லாம் அது அது எடத்துக்கு தானா போகும், கள்ள ஆட்டம் ஆடுறப்போ வர்ற சிரிப்பு எந்த போட்டோகிராபர் சொன்னாலும் வராது. சதாபிஷேகத்துல எடுத்ததுலயே எனக்குப் புடிச்சது அப்படி எடுத்த ஒன்னு தான்.

கொழந்தைய மடில வச்சு வயித்த மறைக்கலாம்னு நெறைய பேர் பண்றோம், நானும் பண்ணிருக்கேன். மடி நடுவுல வச்சா ரெண்டு பேரும் சேந்து ஒரே உருண்டையாத் தெரிவீங்க. ஒரு பக்கத் தொடைல வச்சு கொழந்தைய கொஞ்சம் வெளிப்பக்கம் சாய விடுங்க.

சேலைக்குன்னு தனியா சில விஷயம்

பட்டுன்னா வழுக்கும், படிஞ்சும் உக்காரும். கண்டாங்கி அப்படி இல்ல. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சதுக்கப்பறம் வெளியூர்ல இருந்து வர்ற என் பிரெண்ட்ஸ் எல்லாரும் அதத்தான் கட்டிக்கிட்டு போட்டோ எடுக்கணும்ங்கறாங்க, நல்லது தான், ஆனா அது கெட்டிப் பருத்தி, கஞ்சி போட்டா அட்டை மாதிரி நிக்கும், உக்காந்தா மடில கூடாரம் போட்ட மாதிரி உப்பிக்கும். நாள் முழுக்க கட்டி ஒரு தடவ அலசுன சேலையா கட்டிக்கங்க, கஞ்சி வேண்டாம். உக்காந்த பிறகு ஒரு விரக்கடை மேல எழும்பி தொடைக்கு அடியில இருக்க துணியப் பின்னால இழுத்து நீவி விட்டுட்டு மறுபடி உக்காருங்க. கொசுவத்த ரெண்டு முட்டிக்கும் நடுவுல பிதுங்க விடாம முட்டி திரும்பியிருக்க பக்கமா விசிறி மாதிரி விரிச்சு விடுங்க, அப்பத்தான் கால் நீளமாத் தெரியும். அப்பத்தா மாதிரி பழைய முறைல பின்கொசுவம் வச்சு கட்டிருந்தீங்கன்னா கொசுவம் முழுக்க பின்னால இருக்கு, அது மேலயே உக்காந்தா ஒரு பக்கம் சாஞ்சுரும், அதனால கொசுவத்த ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டுட்டு உக்காரணும், இது அப்பத்தா சொன்னது, எனக்குத் தெரியாது.

முந்தானைய கைல சுருட்டிப் புடிச்சுக்காம தோள்ல பின் குத்தி மடிக்குக் குறுக்கே ஒரு சாய்வாப் போகட்டும். சாய்வுக் கோடு எப்பவும் ஒல்லியாக் காட்டும், நேர்குறுக்குக் கோடு அகலமாக் காட்டும், கண்டாங்கில கட்டம் பெருசு, பார்டரும் பெருசுன்னா முட்டி மேல பார்டர் நேரா குறுக்க ஓடாமப் பாத்துக்கங்க.

கழுத்துரு (எங்க பக்கத்துப் பெரிய தங்கத் தாலி) போட்டு உக்கார்ற நேரம் தனிக் கஷ்டம். அது வெயிட்டுக்கு நம்ம கழுத்து தன்னால முன்னால குனிஞ்சுரும், கூன் போட்டா நகை நெஞ்ச விட்டு எழும்பி மடிக்கு மேல தொங்கும், இவ்வளவு பவுனு போட்டும் போட்டோல தெரியாது, மாமியார் வேற கேப்பாக. கெணத்து வாளிக் கயிறு தான் இதுக்கும்.

ஆம்பளைங்களுக்கு

ரெண்டே விஷயம். வேட்டி கட்டிட்டு முட்டிய அகட்டி உக்காந்தா நடுவுல தூளி மாதிரி தொங்கும், அதனால பாதம் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் போதும், ஒரு பாதம் அரையடி முன்ன, வேட்டி ஓரத்த முன் கால் மேல படிய விடுங்க. சட்டை வயித்துல பலூன் மாதிரி உப்பும், உக்காந்த பிறகு பின்பக்கம் கைய விட்டு சட்டைய கீழ இழுத்து விடணும். வேற ஒன்னும் வேண்டாம், தொடை மேல முழங்கைய ஊனி லேசா முன்னால சாஞ்சா மூஞ்சி கேமராவுக்குக் கிட்ட வந்து வயிறு பின்னால போயிரும், தொந்தி உள்ளவங்களுக்கு இத விட்டா சுலபமான வழி இல்ல. எங்க சித்தப்பாவ இப்படி உக்கார வச்சு எடுத்தேன், அத வாட்ஸ்அப் டிபியா வச்சவர் இன்னைக்கு வரைக்கும் மாத்தல.

வயசானவங்கள உக்கார வைக்கறப்போ

அவங்கள சீட்டு நுனில உக்காருங்கன்னு சொல்லவே கூடாது, வழுக்கிருச்சுன்னா என்ன பண்றது. அவங்கள நல்லா பின்னால தள்ளி உக்கார வச்சு முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவுல கெட்டித் தலகாணி ஒன்னோ ரெண்டோ குடுங்க, சாஞ்சிருப்பாங்க, ஆனா பாக்க நிமிந்து முன்னால இருக்க மாதிரி இருக்கும். ஆச்சிகளுக்கு பர்மா தேக்கு நாற்காலி உயரம், கால் எட்டாது, அந்தரத்துல தொங்கும், சின்னப் புள்ள மாதிரி தெரிவாக. சாமி கும்பிட உக்கார்ற மணை ஒன்ன காலுக்கடியில போட்டு சேலை நுனிய அது மேல விட்டுட்டா யாருக்கும் தெரியாது, அவங்க முட்டி வலிக்கும் எதம். ஐயாவுக்கு கைத்தடிய மறைக்கச் சொல்லி சதாபிஷேகத்தன்னைக்கு வந்த போட்டோகிராபர் வாங்கி வச்சுட்டாரு, எனக்கு அப்ப வெவரம் தெரியல, பாட்டையா போட்டோவ அன்னைக்கே பாத்திருந்தா விட்டுருக்க மாட்டேன்.

வெளிச்சம், எடம்

எங்க பக்கத்து வீடுகள்ல உக்காந்து எடுக்க எடத்துக்குப் பஞ்சமே இல்ல, ஆனா எல்லா எடமும் எல்லா நேரத்துக்கும் ஆகாது. வளவுக்கு மேல தொறந்த வானம், உச்சி வெயில்ல நடுவுல போய் உக்காந்தா வெளிச்சம் நேர் மேல இருந்து விழுந்து கண்ணு ரெண்டும் குழியாத் தெரியும், மூக்கு நெழல் மீசை மாதிரி விழும். அதே நேரத்துல வளவச் சுத்தி இருக்க தாழ்வாரத்துல தூணுக்குப் பக்கம் நெழல்ல உக்காந்து மூஞ்சிய வளவுப் பக்கம் திருப்புனீங்கன்னா பஞ்சு மாதிரி வெளிச்சம் கெடைக்கும், ஸ்டூடியோ லைட்டெல்லாம் அதுகிட்ட நிக்காது. தரைல ஆத்தங்குடி டைல்ஸ் கல்லா இருந்தா அதோட பளபளப்பு கீழ இருந்து கொஞ்சம் வெளிச்சத்த நாடிக்கு அடியில அடிச்சுக் குடுக்கும், ஆனா செவப்புக் கல்லு தரைன்னா மூஞ்சிலயும் லேசா செவப்பு ஏறும், கவனிங்க. கலர் கண்ணாடி வச்ச ஜன்னல் கிட்ட ஆசையா போய் உக்காராதீங்க, ஒரு கன்னம் பச்சை ஒரு கன்னம் செவப்புன்னு வந்து நின்னா எந்த பில்டரும் காப்பாத்தாது.

திண்ணைல உக்காந்தா தூண்ல முதுகச் சாய்க்காம ஒரு தோள மட்டும் சாச்சு, ஒரு கால தரைல எறக்கி ஒரு கால திண்ணை மேல மடக்கிக்கங்க. எடுக்கறவர் தெருவுல நின்னு உள்பக்கம் பாத்து எடுக்கணும், உள்ள இருந்து தெருவப் பாத்து எடுத்தா நீங்க கறுப்பா ஒரு நெழல் தான்.

ஊஞ்சல் பாக்க ஆசையா இருக்கும், ஏமாத்தும். நுனில உக்காந்தா பலகை பின்னால வாங்கும், அதனால ஒரு பாதம் தரைல நல்லா ஊனியிருக்கணும். சங்கிலியப் புடிக்கறப்போ தலைக்கு மேல புடிச்சா ரவிக்கை இழுத்துக்கும், அக்குள் தெரியும், நெஞ்சு உயரத்துல புடிங்க. பலகைல நேரா உக்காராம ஒரு மூலைல கோணலா உக்காருங்க. ஆடிக்கிட்டே எடுக்கணும்னா நல்ல வெளிச்சத்துல தான், இல்லன்னா ஆளே கலங்கிப் போயிரும்.

ஊருணிப் படி, மாடிப் படி எதுவா இருந்தாலும் கேமராவப் பாத்து நேரா உக்காராம படிக்குப் பக்கவாட்டுல உக்காந்து ஒரு கால் ஒரு படி கீழயும் இன்னொன்னு அதுக்கும் ஒரு படி கீழயும் விடுங்க. தரைல உக்காந்தா சம்மணம் வேண்டாம், ரெண்டு முட்டியும் ரெண்டு பக்கம் போய் ஆள வட்டமாக்கும், கால் ரெண்டையும் ஒரே பக்கமா மடிச்சு ஒருக்களிச்சு உக்காந்து எதிர்ப்பக்கக் கைய தரைல லேசா ஊனுங்க, முழங்கை வெறைக்காம. பந்தில உக்காந்து சாப்பிடறப்போ எடுக்கற போட்டோல இந்த ஒலகத்துல யாரும் நல்லா இருந்ததில்ல, அந்த நேரம் போஸ் குடுக்காம கந்தரப்பத்தக் கவனிங்க. அதே மாதிரி சாப்பாட்டுக்கு முன்னாடியே உக்கார்ற போட்டோ எல்லாத்தையும் முடிச்சிருங்க, எங்க பக்கத்து விருந்து சாப்பிட்டு எந்திரிச்சவங்கள எந்தக் கோணமும் காப்பாத்தாது.

குரூப் போட்டோ

முன் வரிசைல நாற்காலி போட்டு உக்கார்றவங்க தான் கேமராவுக்குக் கிட்ட இருக்காங்க, அதனால அவங்க எல்லாரும் முட்டிய நடுவுல இருக்கவங்க பக்கமாத் திருப்பணும், எடது பக்கத்து ஆளுங்க வலது பக்கமா, வலது பக்கத்து ஆளுங்க எடது பக்கமா. இது ஒன்னு பண்ணுனாலே வரிசை முழுசா அழகாயிரும். ரெண்டு ஓரத்துலயும் காலி எடம் விட்டு எடுங்க, ஓரத்துல மூஞ்சி இழுபடுறத நான் சொன்னேன்ல, எங்க அயித்தை கதை. பங்காளி எல்லாம் சேந்து 60 பேரு வந்து நின்னா நாற்காலி தேடாதீங்க, முகப்பு படி இருக்கவே இருக்கு, படிப்படியா உக்கார வச்சு எடுக்கறவர தெரு அந்தப் பக்கம் வரைக்கும் அனுப்புங்க. ஒரே ஒரு தடவ க்ளிக் பண்ணிட்டு போயிராம பட்டன அமுக்கிப் புடிச்சு பத்துப் பதினஞ்சு எடுத்தாத்தான் 60 பேர்ல கண்ண மூடாத ஒன்னு தேறும். லென்ஸ சேலை நுனில தொடச்சுட்டு எடுக்கச் சொல்லுங்க, மொபைல் முழுக்க பணியாரம் சாப்பிட்ட கை எண்ணெய் தான்.

போன மாசம் அப்பத்தாவ எடுத்தேன். போஸெல்லாம் குடுக்க மாட்டேன்னு அடம், சரின்னு தாழ்வாரத்துல தேக்கு நாற்காலி, முதுகுக்கு தலகாணி, காலுக்கு மணை, மடில கொட்டான், நான் பத்தடி தள்ளி தரைல உக்காந்து ரெண்டு எக்ஸ். நாடிய நீட்டுங்க அப்பத்தான்னா "கோழி மாதிரியா, எனக்குத் தெரியும்"னுச்சு. பாட்டையா போட்டோவுக்கு நேர் கீழ மாட்டணும்னு பிரேம் போட்டு வந்தாச்சு, ஆனா அந்தக் காலத்துல சுண்ணாம்பும் முட்ட வெள்ளைக்கருவும் போட்டு எழைச்ச சுவரு, மூணு ஆணி வளஞ்சு போச்சு, இன்னும் ஒன்னும் எறங்க மாட்டேங்குது.